கேஏ 01: ஒரு நிலையக் குறியின் இலக்கணம்

பிரிக்பீல்ட்சில் உள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குப் பெயர் ஒன்றுதான், குறிகள் ஐந்து. கேடிஎம் கொமுட்டர் பலகையில் அது கேஏ 01. கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் கேஜே 15. துன் சம்பந்தன் சாலையை ஒட்டி நிற்கும் மோனோரயில் நிலையத்தில் எம்ஆர் 1. விமான நிலையத்துக்கு இடையில் நிற்காமல் போகும் கேஎல்ஐஏ எக்ஸ்பிரசுக்கு கேஇ 1; அதே தண்டவாளத்தில் நின்று நின்று போகும் டிரான்சிட் ரயிலுக்கு வேறோர் ஈரெழுத்து, எண் மட்டும் அதே 1. இணைப்பு நடைபாதையின் மறுமுனையில் இருக்கும் முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்தையும் சேர்த்துக்கொண்டால் ஆறாவதாக கேஜி 15 வந்துவிடும். தினமும் இவற்றைக் கடந்துபோகிறவர்கள் ஏராளம். ஆனால் இந்த எழுத்தும் எண்ணும் எந்த விதிப்படி அமைந்தன, ஐந்தும் ஒரே விதிப்படிதான் அமைந்தனவா என்று கேட்டால் பதில் எளிதில் கிடைக்காது. பலகைகள் விதியைச் சொல்வதில்லை. குறிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து நாம்தான் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மேலோட்டமாக ஒரே குடும்பம்போலத் தெரியும் இந்தக் குறிகள் இரண்டு வேறு கொள்கைகளைச் சேர்ந்தவை என்பதும், அவற்றில் கொமுட்டரின் குறி மட்டும் தனி இனம் என்பதும் தெரியவரும்.

எழுத்துகளை முதலில் முடித்துவிடலாம். அதில் சிக்கல் குறைவு. கேஜே என்பது கிளானா ஜெயாவின் முதலெழுத்துகள். எம்ஆர் மோனோரயில். ஏஜி அம்பாங், எஸ்பி ஸ்ரீ பெட்டாலிங், பிஒய் புத்ராஜெயா. காஜாங் தடத்துக்கு கேஜே என்பதே இயல்பாக வந்திருக்க வேண்டிய சுருக்கம். அதை கிளானா ஜெயா ஏற்கெனவே வைத்திருந்ததால் சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து கேஜி ஆக்கினார்கள் என்று கொள்வதே பொருத்தம். மலாய் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு கேஜி என்றால் 'கம்போங்'தான் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம். கேஇயில் வரும் இ எக்ஸ்பிரசைக் குறிப்பது. அதன் கே கேஎல்ஐஏவினுடையது. ஆக, ஒரே நிலையத்துக்குள் 'கே' என்ற எழுத்து ஓரிடத்தில் கிளானா, ஓரிடத்தில் விமான நிலையம், நடைபாதைக்கு அப்பால் காஜாங். கொமுட்டரின் 'கே' கேடிஎம்மா, கொமுட்டரா என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் எதுவானாலும் முடிவு மாறாது. அங்கே பொருள் பொதிந்திருப்பது இரண்டாவது எழுத்தில்.

அந்த இரண்டாவது எழுத்து நான்கு வகையாக வருகிறது: ஏ, பி, சி, டி. இவை தடங்களின் பெயர்ச்சுருக்கம் அல்ல. கேஏ என்று தொடங்கும் பெயருள்ள தடம் எதுவும் கொமுட்டரில் இல்லை. வரைபடத்தில் இவற்றைத் தொடர்ந்துபோனால் விடை கிடைக்கும். கேஎல் சென்ட்ரல் கேஏ 01, பழைய கோலாலம்பூர் நிலையம் 02, பேங்க் நெகாரா 03, புத்ரா 04, அப்படியே வடக்கே சுங்கை பூலோ 08, ரவாங் 10, தஞ்சோங் மாலிம் 15. தெற்கே மிட்வேலி கேபி 01, காஜாங் 06, சிரம்பான் 13, புலாவ் செபாங் 17. மேற்கே அப்துல்லா ஹுக்கும் கேடி 01, சுபாங் ஜெயா 09, கிள்ளான் 14, போர்ட் கிள்ளான் 19. வடக்கே கிளைத்துப்போகும் பாதையில் செந்தூல் கேசி 01, பத்துமலை 05. எந்தக் கரத்தில் போனாலும், பிரிக்பீல்ட்சை விட்டு விலக விலக எண் ஏறுகிறது. எழுத்து திசையைச் சொல்கிறது. எண் தொலைவைச் சொல்கிறது. கிள்ளான் 14 என்றால், அங்கே ஏறுகிறவருக்கு கேஎல் சென்ட்ரல் பதினான்காவது நிறுத்தம்.

இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் எழும். எல்லாக் கரங்களும் கேஎல் சென்ட்ரலிலிருந்து எண்ணப்படுவது உண்மையானால், செந்தூல் எப்படி கேசி 01 ஆகும்? அது கேஎல் சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் அல்லவே. இடையில் மூன்று நிலையங்கள் இருக்கின்றனவே! உண்மைதான். ஆனால் இந்த விலக்கே விதியை உறுதிப்படுத்துகிறது. பத்துமலைப் பாதை முதன்மைப் பாதையிலிருந்து புத்ராவுக்குப் பிறகுதான் பிரிகிறது. அதுவரை இரண்டு பாதைகளுக்கும் நிலையங்கள் பொது. அந்த நான்கு பொது நிலையங்களும் ஒருமுறைதான் எண்ணப்பட்டிருக்கின்றன. ஏ கரத்தின் பெயரில். சி கரத்தின் எண்ணிக்கை கிளை பிரியும் இடத்தில் தொடங்குகிறது. தெற்கில் மிட்வேலியும் அப்துல்லா ஹுக்குமும் இரண்டுமே 01 ஆக இருப்பதற்கும் இதுவே காரணம்: சிரம்பான் பாதையும் கிள்ளான் பாதையும் கேஎல் சென்ட்ரலைத் தாண்டியதுமே பிரிந்துவிடுகின்றன. குறியை மட்டும் வைத்துக்கொண்டு தண்டவாளம் எங்கே பிரிகிறது என்று வரைந்துவிடலாம். ஒரு பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற சேவை விவரத்தை இந்தக் குறி சொல்வதே இல்லை. தரையில் தண்டவாளம் கிடக்கும் வடிவத்தைத்தான் சொல்கிறது.

அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி தடங்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அவ்விரண்டும் செந்தூல் தீமோர் முதல் சான் சோவ் லின் வரை ஒரே தண்டவாளத்தில் ஓடி, அங்கே பிரிகின்றன. பொது நிலையங்கள் பதினொன்று. அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறிகள்: மஸ்ஜித் ஜாமெக் ஏஜி 7, எஸ்பி 7, சான் சோவ் லின் ஏஜி 11, எஸ்பி 11. பிரிந்த பிறகு மிஹார்ஜா ஏஜி 12, செராஸ் எஸ்பி 12. கேஎல்ஐஏ ரயில்களிலும் இதே கதைதான். எக்ஸ்பிரசுக்கு விமான நிலைய முதல் முனையம் இரண்டாவது நிறுத்தம் என்பதால் கேஇ 2. டிரான்சிட்டின் கணக்கில் அதே நிலையம் 5, ஏனென்றால் அது நடுவில் மூன்று இடங்களில் நின்றுவிட்டு வருகிறது. இங்கெல்லாம் குறி நிலையத்தைக் குறிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட சேவையில் அந்த நிலையம் எத்தனையாவது என்பதைக் குறிக்கிறது. இவை சேவைக் குறிகள். கொமுட்டரினுடையது இடக்குறி. இரண்டுக்கும் உருவம் ஒன்று, ஈரெழுத்தும் ஓர் எண்ணும், இலக்கணம் வேறு.

இந்தப் பாகுபாடு வெறும் கற்பனைச் சட்டகம் இல்லை என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் சாட்சி. 2015 டிசம்பரில் கொமுட்டர் தன் சேவைகளைக் குறுக்கே மாற்றிப் பூட்டியது. அதற்கு முன் பத்துமலை ரயில் போர்ட் கிள்ளானுக்குப் போனது. ரவாங் பக்கத்திலிருந்து வந்த ரயில் சிரம்பானுக்குப் போனது. அதற்குப் பின் பத்துமலை ரயில் தெற்கே சிரம்பான், புலாவ் செபாங் என்று போகத் தொடங்கியது; வடக்கு ரயில் கிள்ளானுக்குத் திரும்பியது. சேவைகளின் தெற்குப் பாதிகள் இடம் மாறிக்கொண்டன என்றாலும், கேஏ, கேபி, கேசி, கேடி என்ற நாற்கர அமைப்புக்கு அதனால் ஒரு குந்தகமும் வராது. எந்தக் கரத்தை எந்தக் கரத்தோடு பூட்டினாலும் கிள்ளான் மேற்கே பதினான்காவதுதான், பத்துமலை வடக்குக் கிளையில் ஐந்தாவதுதான். 2022 ஜூன் 16 அன்று இதற்கு நேர்மாறானது நடந்தது. அதுவரை சுங்கை பூலோவில் தொடங்கிய காஜாங் எம்ஆர்டி தடத்தின் வடமுனைத் துண்டு புதிய புத்ராஜெயா தடத்துக்குக் கொடுக்கப்பட்டது. சுங்கை பூலோ கேஜி வரிசையை விட்டுப் போய் பிஒய் 04 ஆனது. குவாசா டாமன்சாரா கேஜி 04 என்ற தன் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பிஒய் 01 என்ற புதிய எண்ணையும் சுமந்தது. காஜாங் தடத்தின் எண் வரிசை இன்று நான்கில் தொடங்குவது ஏன் என்று வியக்கிறவர்களுக்கு விடை இதுதான். அதே சுங்கை பூலோவில், அதே கூரையடியில், கொமுட்டர் நிலையம் அப்போதும் கேஏ 08; இப்போதும் கேஏ 08. ஓரிடத்தில் இரண்டு குறிகள். சேவை மாறியபோது ஒன்று மாறியது, மற்றொன்று அசையவில்லை.

எண்கள் ஒத்துப்போவதைக் கண்டு ஏமாறவும் வாய்ப்பு இருக்கிறது. கேஎல் சென்ட்ரல் கேஜே 15, முசியம் நெகாரா கேஜி 15. நடைபாதையால் இணைந்த இரண்டுக்கும் ஒரே எண் என்றதும், எல்ஆர்டியும் எம்ஆர்டியும் பேசி வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்துக்குப் பதினைந்து என்று பெயரிட்டார்கள் என்று தோன்றும். அடுத்த நிலையத்தைப் பார்த்தால் போதும். பசார் செனி இரண்டுக்கும் பொது. அங்கே எல்ஆர்டியின் எண் 14, எம்ஆர்டியின் எண் 16. ஒன்று கோம்பாக்கில் தொடங்கி ஏறிவருகிறது, மற்றொன்று எதிர்த்திசையில் ஏறிப்போகிறது. எதிரெதிரே வரும் இரண்டு வரிசைகள் பதினைந்தில் சந்தித்துக்கொண்டது தற்செயல். மஸ்ஜித் ஜாமெக்கில் ஏழும் ஏழும் சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல, ஒரே தண்டவாளத்தின் விளைவு. ஒற்றுமையைக் கண்டதும் பொருள் சொல்லிவிடாமல் அடுத்த உறுப்பையும் சோதிப்பது கல்வெட்டு படிப்பவர்களுக்குப் பழகிய முறை. நிலையப் பலகைக்கும் அது பொருந்தும்.

எண் வரிசை கட்டுமானக் காலத்தைச் சொல்கிறதோ என்ற ஐயமும் நிற்காது. கிளானா ஜெயா தடத்தில் முதலில் திறந்தது 1998 செப்டம்பரில் கிளானா ஜெயாவிலிருந்து பசார் செனி வரையிலான பகுதி. கோம்பாக் வரையிலான வடபகுதி 1999 ஜூனில்தான் வந்தது. ஆனால் 1 என்ற எண் கோம்பாக்குக்கு. பிறகு 2016 ஜூன் 30 அன்று தடம் தெற்கே புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டபோது 25 முதல் 37 வரையிலான எண்கள் சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டன. இதில் ஒரு முரண்நகையும் உண்டு: கிளானா ஜெயா தடம் இன்று கிளானா ஜெயாவில் முடிவதில்லை, அந்த நிலையம் கேஜே 24, இன்னும் பதின்மூன்று நிலையங்கள் மிச்சம். எழுத்து பழைய முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எண் புதிய முனைக்குப் போய்விட்டது. இடக்குறி முறையில் இந்தத் தொல்லை வராது. கொமுட்டரின் ஆரம்பப்புள்ளி நடுவில் இருப்பதால் நான்கு கரங்களுமே வெளிப்பக்கம் திறந்தவை. சிரம்பானோடு நின்றிருந்த தெற்குக் கரம் பின்னால் சுங்கை காடுட், ரெம்பாவ், புலாவ் செபாங் என்று நீண்டபோது 13க்குப் பிறகு 14, 15 என்று போட்டுக்கொண்டே போக முடிந்தது.

நடுவில் புது நிலையம் முளைத்தால்? 2023இல் காஜாங்குக்கும் யுகேஎம்முக்கும் இடையே காஜாங் 2 என்ற நிலையம் திறந்தது. காஜாங் 06, யுகேஎம் 07. இடையில் எண் இல்லை. புது நிலையம் 06ஏ ஆனது. அதனால் யுகேஎம் இன்று எண்ணிப்பார்த்தால் எட்டாவது, குறியில் ஏழாவது. எண் தொலைவைச் சொல்கிறது என்று மேலே சொன்னதை இது கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே புது வீடு எழும்பினால் அதற்கு 'ஏ' போடுவார்களே தவிர மற்ற வீடுகளின் எண்ணை மாற்ற மாட்டார்கள்; இடக்குறி முகவரிபோல நடந்துகொள்கிறது என்பதற்கு இது இன்னுமொரு சான்றுதான். எல்ஆர்டி, எம்ஆர்டி தடங்கள் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டன: முன்கூட்டியே இடம் விட்டுவைப்பது. ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் 23, 30 இல்லை. காஜாங் தடத்தில் 11, 32 இல்லை. புக்கிட் பிந்தாங் 18ஏ, அடுத்த டிஆர்எக்ஸ் 20. திறப்பு விழாவன்றே ஒரு நிலையத்தின் எண்ணில் 'ஏ' ஒட்டியிருந்தால், வரைபலகையில் முன்பு வேறு ஏதோ அமைப்பு இருந்து கலைந்திருக்கிறது என்றுதான் பொருள். சிங்கப்பூரின் வடக்கு-தெற்குத் தடத்திலும் இயூ டீ 5, கிராஞ்சி 7; ஆறாம் எண் வருங்கால நிலையத்துக்கென்று காத்திருக்கிறது. இப்படி விட்டுவைப்பது வீண் முன்ஜாக்கிரதை அல்ல. ஷா ஆலாம் எல்ஆர்டி திட்டத்தில் 2018இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்களை வெட்டினார்கள். 2023இல் அதே ஐந்தையும் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தார்கள்.

கொமுட்டர் குறி எந்தக் காலத்தில் பிறந்திருக்கும் என்பதையும் அதன் உள்ளேயே தேடலாம். கொமுட்டர் சேவை 1995இல் தொடங்கியபோது கேஎல் சென்ட்ரலே கிடையாது. நகரின் தலைமை நிலையம், கட்டடக்கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1910இல் எழுந்த பழைய கோலாலம்பூர் நிலையம். அப்போது யாராவது நடுப்புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால் 01 அதற்குத்தான் போயிருக்கும். அது 02 ஆக இருக்கிறது. எனவே இந்த அமைப்பு 2001 ஏப்ரலில் கேஎல் சென்ட்ரல் திறந்ததற்குப் பிந்தியது. மறுபக்கம், நான்கு எழுத்துகளின் அடுக்கைப் பாருங்கள். ஏயும் பியும் சேர்ந்தால் பழைய ரவாங்-சிரம்பான் சேவை; சியும் டியும் சேர்ந்தால் பழைய பத்துமலை-கிள்ளான் சேவை. 2015க்குப் பிந்திய ஜோடிகளான சி-பி, ஏ-டி என்பவை அகரவரிசையில் பொருந்துவதில்லை. ஆகவே எழுத்துகள் கொடுக்கப்பட்டபோது பழைய ஜோடிகளே மனத்தில் இருந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வடக்கு-தெற்கு முதன்மைப் பாதைக்கு முதல் இரண்டு எழுத்து, கிளைகளுக்கு அடுத்த இரண்டு என்று தகுதி பார்த்துக் கொடுத்திருந்தாலும் இதே அடுக்கு வந்திருக்கும். அதனால் 2001 என்ற கீழெல்லை உறுதியானது; 2015 என்ற மேலெல்லை வலுவான ஊகம் மட்டுமே. வயதுப்படி பார்த்தால் கடைசி எழுத்தைப் பெற்ற கிள்ளான் பாதைதான் சிலாங்கூரின் மூத்த ரயில் பாதை, 1886இல் திறந்தது. எழுத்துக் கொடுத்தவர்கள் வரலாற்றைப் பார்க்கவில்லை.

அப்படியானால் பிரிக்பீல்ட்ஸ் முதலெண் பெற்றது கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவாவின் புது நிலையத்தால் மட்டுமா? நிலையம் புதிது, நிலம் பழையது. கேஎல் சென்ட்ரல் எழுந்தது மலாயா ரயில்வேயின் பெரிய யார்டு இருந்த இடத்தில், பெட்டிகளைப் பிரித்துக் கோத்த தண்டவாளக் காட்டில். அதைச் சுற்றித்தான் ரயில்வேத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் குடியேறினார்கள். 1905இல் எழுந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் அவர்களுக்காகக் கட்டப்பட்டவை. தெற்குப் பாதையும் கிள்ளான் பாதையும் பிரியும் கவட்டைக்கு மேலே யார்டு இருந்தது, எல்லாத் திசை ரயிலும் அதைத் தொட்டாக வேண்டும் என்பதால்தான். புது நிலையத்தை அங்கே வைத்ததும், குறியின் தொடக்கத்தை அங்கே வைத்ததும் அந்தத் தண்டவாள அமைப்பு முன்பே எடுத்துவைத்த முடிவுகள். மோனோரயிலின் எம்ஆர் 1 அப்படியல்ல. 2003இல் வந்த அந்தத் தடத்துக்கு ஒரு முனை இங்கே, மறுமுனை தித்திவங்சாவில், எம்ஆர் 11. தித்திவங்சாவிலிருந்து எண்ணியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது.

சேவைக் குறிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. பயணி ஏறுவது சேவையில்தான், தண்டவாளத்தின் வடிவத்தில் அல்ல. ஏழில் ஏறிப் பதினெட்டில் இறங்க வேண்டும் என்றால் எண்ணிக்கொண்டே போகலாம்; எழுத்து நடுவழியில் மாறாது. டோக்கியோ மெட்ரோ 2004இல் நிலைய எண்களைக் கொண்டுவந்தபோது இதே வழியைத்தான் தேர்ந்தது: தடத்துக்கு ஓர் எழுத்து, வரிசைக்கு ஓர் எண். கொமுட்டரில் பத்துமலையிலிருந்து சிரம்பான் போகிறவர் சி கரத்தில் இறங்குமுகமாக எண்ணி, ஏ கரத்தில் நான்கு நிலையம் கடந்து, பி கரத்தில் ஏறுமுகமாக எண்ண வேண்டும். முதன்முறை வருகிறவருக்கு இது குழப்பம்தான், மறுக்க முடியாது. ஆனால் ரயில் மாற வேண்டியிருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கிள்ளானிலிருந்து தைப்பூசத்துக்குப் புறப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2015க்கு முன் ஏறிய ரயிலிலேயே பத்துமலையில் இறங்கலாம். இன்றைய வழக்கமான சேவையில் மாறியாக வேண்டும். எங்கே மாறுவது? அவர் கேடி 14இல் இருக்கிறார், போக வேண்டியது கேசி 05. டி கரத்திலிருந்து சி கரத்துக்குப் போகும் வழியில் பொதுவாக இருப்பது ஏ கரத்தின் முதல் நான்கு நிலையங்கள். ஆக கேஏ 01 முதல் 04 வரை எங்கே வேண்டுமானாலும் இறங்கி மாறலாம். கேஎல் சென்ட்ரல் கூட்டத்தில்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேஏ 05 வந்துவிட்டால் தவறவிட்டாயிற்று. இவ்வளவையும் ஏழெட்டு எழுத்துகளிலிருந்தே படித்துவிட முடிகிறது. ஏஜி, எஸ்பி வகைக் குறி ஒன்று இந்த வேலையைச் செய்யாது.

பெயர்களும் இப்போது நிலையாக இருப்பதில்லை என்பதைக் கணக்கில் கொண்டால் இடக்குறியின் மதிப்பு இன்னும் கூடும். நிலையப் பெயருரிமை விற்பனைப் பொருளாகிவிட்டது: பங்சார் எல்ஆர்டியின் முன்னால் ஒரு வங்கியின் பெயர், புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியின் முன்னால் ஒரு பேரங்காடியின் பெயர். அதே புக்கிட் பிந்தாங்கின் மோனோரயில் நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் பெயர் வந்து, இருந்து, போயும் விட்டது. ஒப்பந்தம் முடிந்தால் பெயர் மாறும்; எம்ஆர் 6 மாறவில்லை. பெயரும் மாறலாம், சேவையும் மாறலாம் என்ற நிலையில் மாறாமல் நிற்கக்கூடிய ஒன்றை இடத்தோடுதான் கட்ட முடியும்.

அடுத்த சோதனை திட்டத்தில் இருக்கும் எம்ஆர்டி 3 வட்டத் தடத்தில் வரப்போகிறது. வட்டத்துக்கு முனை கிடையாது. எண்ணத் தொடங்குவதற்கு இயல்பான இடம் எதுவும் அதில் இல்லை. அது தொடப்போகும் தித்திவங்சாவில் ஏஜி 3, எஸ்பி 3, எம்ஆர் 11, பிஒய் 17 என்று இப்போதே நான்கு குறிகள் தொங்குகின்றன. ஐந்தாவதாக இன்னொரு வரிசை எண்ணைச் சேர்ப்பதற்கு முன், நிலையத்துக்கு ஒரே இடக்குறி கொடுத்து, சேவையை நிறத்தாலோ தட எண்ணாலோ காட்டும் முறையைப் பரிசீலியுங்கள் என்று வரைபடம் தயாரிக்கும் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்மாதிரியைத் தேடி டோக்கியோவுக்குப் போக வேண்டாம். பிரிக்பீல்ட்சின் கொமுட்டர் நடைமேடையில் எழுதியிருக்கிறது.